கூரைப் பயம், ஆள் பயம்

பாபிலோன் ராஜா ஹமுராபிக்குக் கட்டட விஷயத்தில் குழப்பமே கிடையாது. சுமார் 3,750 வருஷத்துக்கு முன்னால் அவர் கல்லில் வெட்டி வைத்த சட்டங்களில் மேஸ்திரிகளுக்கென்றே சில உண்டு. கட்டிக்கொடுத்த வீடு இடிந்து வீட்டுக்காரர் செத்தால் மேஸ்திரிக்கு மரண தண்டனை. வீட்டுக்காரரின் மகன் செத்தால் மேஸ்திரியின் மகனுக்கு மரண தண்டனை. அடிமை செத்தால் அடிமைக்கு அடிமை. சுவர் மட்டும் சாய்ந்தால் சொந்தச் செலவில் நிமிர்த்தித் தர வேண்டும். கான்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை என்கிற மாதிரிப் புகார்கள் அந்த ஊரில் அதிகம் எழுந்திருக்காது.

இவ்வளவு யோசித்த மனிதர் ஒரே ஒரு கேஸை விட்டுவிட்டார். வீட்டுக்காரரே மேஸ்திரியாக இருந்தால்? தன் கையால் கட்டிய கூரை தன் தலையிலேயே விழுந்தால் யாரைக் கொல்வது? செத்தவரை மறுபடி சாகடிக்க பாபிலோனில்கூட வசதி இல்லை. மகன் தலையில் விழுந்தால் இன்னும் விசேஷம்: செத்தவனும் அவர் மகன், பதிலுக்குச் சாக வேண்டியவனும் அவர் மகன். குற்றமும் தண்டனையும் ஒரே நொடியில் முடிந்துவிடும். விசாரிக்க ஆளே வேண்டாம்.

அந்தக் கல் இன்று பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் பத்திரமாக நிற்கிறது. அவர் விட்ட ஓட்டைதான் உலகம் முழுக்கப் போய்விட்டது. தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்ளக் கிளம்பும் ஆளை என்ன செய்வது என்று எந்த அரசாங்கத்துக்கும் இன்றுவரை சரியாகப் பிடிபடவில்லை. ஆஸ்திரேலியாக்காரர்கள் இந்தப் பிறவிக்கு ‘ஓனர்-பில்டர்’ என்று பெயர் வைத்து, தனியாக ஒரு பெர்மிட்டும் வைத்திருக்கிறார்கள். கேட்டால் கொடுப்பார்கள். சில சமயம் மாட்டேன் என்பார்கள். மாட்டேன் என்றால் எதிர்த்து மனுப் போடலாம்.

இந்த ‘மாட்டேன்’ ஆஸ்திரேலியாவில் பிறந்ததல்ல, இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தது. அதன் குலம் கோத்திரத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால், பின்னால் எப்போதும் இரண்டே பயம்தான் தெரிகிறது. ஒன்று கூரைப் பயம்: கட்டியது விழுந்து யாராவது சாவார்களோ. இன்னொன்று ஆள் பயம்: இந்த ஆள் இங்கே வந்து குடியேறிவிடுவானோ. முதலாவது நியாயமானது. இரண்டாவது, பெரும்பாலும் முதலாவதின் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டுதான் ஆபீஸுக்கு வரும்.

மகாராணியின் மூன்று மைல்

1580 ஜூலையில் இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத் ஓர் அறிக்கை விட்டார். லண்டன் நகர வாசல்களிலிருந்து மூன்று மைல் தூரத்துக்குள், ஏற்கெனவே வீடு இருந்திராத இடத்தில், யாரும் புது வீடு கட்டக் கூடாது. காரணங்கள் அருமையானவை: ஜனம் பெருகினால் ஆள்வது கஷ்டம், சோறு போடுவது கஷ்டம், கொள்ளைநோய் வந்தால் தடுப்பது கஷ்டம். அதே அறிக்கையில் இன்னொரு கட்டளை: ஒரு வீட்டில் ஒரு குடும்பத்துக்கு மேல் இருக்கவும் கூடாது. புது வீடும் கட்டாதே, பழைய வீட்டிலும் நெருக்கியடித்து இருக்காதே. மூன்றாவது வழி என்ன என்று மட்டும் மகாராணி சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பிப் போ என்று அர்த்தம்.

யாரும் போகவில்லை. 1600 வாக்கில் லண்டனின் ஜனத்தொகை சுமார் 2 லட்சம். அடுத்த அரை நூற்றாண்டில் அது ஏறக்குறைய இரட்டிப்பானது. அறிக்கை மேல் அறிக்கை வந்தது. ஒவ்வோர் அறிக்கையும், முந்தையதை யாரும் மதிக்கவில்லை என்று அரசாங்கமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சான்றிதழ்.

கிராமத்தான் மட்டும் நிம்மதியாக இருக்கலாமா? 1589-ல் பார்லிமென்ட் அவனுக்கும் ஒரு சட்டம் போட்டது. குடிசை கட்ட வேண்டுமானால் அதோடு குறைந்தது 4 ஏக்கர் நிலம் இருக்க வேண்டும். இல்லாமல் கட்டினால் 10 பவுண்டு அபராதம். கட்டியதை இடிக்காமல் வைத்திருந்தால் மாதம் 40 ஷில்லிங். கூலிக்காரனுக்கு 10 பவுண்டு என்பது ஏறக்குறைய ஒரு வருஷ வரும்படி. நாலு ஏக்கர் வைத்திருப்பவன் எதற்குக் குடிசை கட்டப் போகிறான் என்று அவையில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருக்கக்கூடிய ஆட்கள் அவைக்குள் இல்லை.

இங்கே கூரைப் பயம் துளியும் இல்லை. குடிசை சரிந்தால் சரியட்டும். ஊருக்குள் ஓர் ஏழை குடிவந்தால் நாளைக்கு அவனுக்குக் கஞ்சி ஊற்றும் பொறுப்பு அந்த ஊர்ச் சர்ச் வட்டாரத்தின் தலையில் விழும். அதுதான் கவலை. கூரையை விட ஏழை கனம்.

ஆனாலும் அந்தச் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் மாவட்ட நீதிபதிகள் சபைக்கு மனுப் போட்டால் அவர்கள் விதிவிலக்குக் கொடுக்கலாம். ஜனங்கள் போட்டார்கள். 17-ஆம் நூற்றாண்டுக் கூலிக்காரர்களின் மனுக்கள் இங்கிலாந்து மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இன்றும் கிடக்கின்றன: நான் யோக்கியன், உழைப்பாளி, மனைவி குழந்தைகள் உண்டு, தலைக்கு மேல் கூரை இல்லை, இதோ பக்கத்து வீட்டார் கையெழுத்து. எழுதத் தெரியாதவர்கள் யாரையாவது பிடித்து எழுதி வாங்கினார்கள். பலருக்கு அனுமதி கிடைத்தது. பெர்மிட் மறுப்பை எதிர்த்த முன்னோர்கள் இவர்களே. இவர்கள் பெயரில் ஒரு தெருக்கூட இல்லை.

அந்த 4 ஏக்கர் சட்டம் 1775 வரை உயிரோடு இருந்தது. அதற்குள் எத்தனை தலைமுறை அதை மீறியே பிறந்து மீறியே செத்தது என்பதற்குக் கணக்கு இல்லை.

விலைப்பட்டியல்

எலிசபெத்துக்குப் பின் வந்த முதலாம் ஜேம்ஸுக்குக் கட்டடக் கலையில் கற்பனை அதிகம். ரோமைச் செங்கல்லாகக் கண்டு பளிங்காக விட்டுப் போனான் அகஸ்டஸ்; நான் லண்டனைக் குச்சியாகக் கண்டு செங்கல்லாக விட்டுப் போவேன் என்ற பாணியில் 1615-ல் ஓர் அறிக்கை. கேட்கக் கம்பீரம்தான். நடந்தது என்னவென்றால், தடையை மீறிக் கட்டியவர்களைக் கமிஷன் வைத்துப் பிடிப்பது, இடிக்கப் போகிறேன் என்று மிரட்டுவது, பணத்தை வாங்கிக்கொண்டு மன்னிப்பது. அடுத்து வந்த முதலாம் சார்ல்ஸ் இதையே ஒரு வருமானத் துறையாக வளர்த்தார்.

1631-ல் பெட்ஃபோர்டு பிரபு பிரான்சிஸ் ரஸ்ஸலுக்குத் தன் தோட்டத்தில் வீடுகள் கட்டி வாடகைக்கு விட ஆசை வந்தது. தடை அமலில் இருந்தது. பிரபு 2,000 பவுண்டு கட்டினார். தடை நகர்ந்து நின்று வழிவிட்டது. அப்படி எழுந்ததுதான் கோவென்ட் கார்டன். அதை வரைந்தவர் அரண்மனைக் கட்டட நிபுணர் இனிகோ ஜோன்ஸ். புதுக் கட்டடங்களைக் கண்காணிக்கும் கமிஷனிலும் அதே ஜோன்ஸ் உறுப்பினர். தானே வரைந்து, தானே கண்காணித்துக்கொள்ளும் வசதி எல்லாக் காலத்திலும் சிலருக்கு அமைகிறது. அங்கே ஒரு சர்ச்சும் கட்டச் சொன்ன பிரபு, செலவுக்குப் பயந்து, ஒரு வைக்கோல் கொட்டகைக்கு மேல் போக வேண்டாம் என்றாராம். அப்படியானால் இங்கிலாந்திலேயே அழகான கொட்டகை உங்களுடையதாக இருக்கும் என்றாராம் ஜோன்ஸ். கதை உண்மையோ பொய்யோ, இந்தக் கொட்டகையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் கொட்டகை வில்லங்கம் பிடித்த சொல்.

1649-ல் சார்ல்ஸின் தலையை வெட்டினார்கள். கொடுங்கோன்மை ஒழிந்தது என்றார்கள். 1657-ல், ராஜா இல்லாமல் நாட்டை ஆண்ட கிராம்வெல்லின் பார்லிமென்ட், லண்டனைச் சுற்றிப் புதிதாக எழும்பிய வீடுகளுக்கு ஒரு வருஷ வாடகையை அபராதமாக வசூலிக்கச் சட்டம் கொண்டுவந்தது. ராஜாவை ஒழிக்கலாம், ராஜா கண்டுபிடித்த வருமானத்தை ஒழிக்க முடியுமா?

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1666-ல் லண்டன் எரிந்து சாம்பலானதும் கூரைப் பயம் உண்மையிலேயே வந்தது. 1667 சட்டம் மரச்சுவரைத் தடுத்தது, செங்கல் அல்லது கல் என்றது, வீடுகளை நான்கு வகையாகப் பிரித்துச் சுவர் கனம் வரை சொன்னது. விஞ்ஞானி ராபர்ட் ஹூக் உட்பட அளவையாளர்கள் தெருத்தெருவாகப் போய் முளையடித்து எல்லை காட்டினார்கள். அதோடு ஒரு ரகளையான காரியமும் நடந்தது. அதுவரை லண்டனுக்குள் கரண்டியைத் தொடக் கொத்தனார் சங்கத்திலோ தச்சர் சங்கத்திலோ இடம் வேண்டும். இப்போது ஆள் பற்றவில்லை. வெளியூர்க்காரர்களும் வரலாம் என்று சட்டமே கதவைத் திறந்துவிட்டது. தகுதி, சங்கம், பரம்பரை என்று பேசிய வாயெல்லாம் சாம்பலைக் கண்டதும் மூடிக்கொண்டது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: அரசாங்கத்துக்கு அவசரம் வந்தால் தகுதியில்லாத கையும் தகுதியாகிவிடும்.

ஒரு ராத்திரி வீடு

வேல்ஸ் மலைக்காரர்கள் மனு எழுதிக் காலம் கடத்தவில்லை. அவர்களுக்கு ‘டீ உன்னோஸ்’ என்ற நம்பிக்கை ஒன்று இருந்தது. சூரியன் மறைந்த பிறகு ஊர்ப் பொதுநிலத்தில் வீடு கட்டத் தொடங்கி, விடிவதற்குள் கூரை போட்டு, அடுப்பு மூட்டிப் புகைபோக்கியில் புகையைக் காட்டிவிட்டால் அந்த இடம் உனக்கு. பிறகு வாசலில் நின்று நாலு பக்கமும் கோடாலியை வீசு. விழுந்த இடம் வரை உன் மனை. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் அந்தக் கோடாலிதான். புல்தரைக் கட்டிகளை வெட்டிச் சுவராக அடுக்கி, சொந்தபந்தம் முழுக்கக் கூடி, ஒரே ராத்திரியில் எழுப்பிய வீடுகள் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அங்கே நிறைய.

இதில் ஒரே குறை, அப்படி ஒரு சட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நீதிமன்றம் போனால் நிற்காது. ஆனால் அடுப்பில் கஞ்சி கொதிக்கும் வீட்டை ஊர் நடுவில் இடிக்க எந்த அதிகாரிக்கும் தைரியம் வர வேண்டுமே. அந்தத் தயக்கத்தில்தான் பல குடும்பங்கள் பிழைத்தன.

மறுப்பு என்றால் மேலிருந்துதான் வரும் என்று நினைக்க வேண்டாம். 1820-ல் அகஸ்டஸ் பிராக்கன்பரி என்ற இங்கிலீஷ் கனவான் வேல்ஸின் மினித் பாஹ் மலையில் சுமார் 850 ஏக்கர் பொதுநிலத்தை முறைப்படி அரசிடம் விலைக்கு வாங்கினார். பத்திரம் பக்காவாக இருந்தது. ஊர் ஜனங்கள் காலங்காலமாக அடுப்பெரிக்க ‘பீட்’ என்ற கரிமண் கட்டி வெட்டி வந்த இடம் அது. அவர் வீடு கட்டினார், ஊர் கொளுத்தியது. முகத்தில் கரி பூசி, பெண் வேஷம் கட்டிக்கொண்டு வந்தார்கள். மறுபடி கட்டினார், இந்தத் தடவை அகழி வெட்டி. 1826-ல் நூற்றுக்கணக்கானோர் திரண்டு வந்து, தட்டுமுட்டுச் சாமான்களை எடுத்துக்கொள்ள அவகாசம் கொடுத்துவிட்டு, வீட்டைத் தரைமட்டமாக்கினார்கள். 1830-ல் நிலத்தை விற்றுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அரசாங்கத்தின் அனுமதி கையில் இருந்தது, அக்கம்பக்கத்தாரின் அனுமதி இல்லை. இதற்கு மேல்முறையீடு எந்தக் காலத்திலும் கிடையாது.

ரயில் பெட்டியும் கனவானும்

முதல் உலகப் போர் முடிந்ததும் இங்கிலாந்தில் ஒரு வேடிக்கை சூடுபிடித்தது. விவசாயம் நொடித்துப்போன எஸ்ஸெக்ஸ், சஸ்ஸெக்ஸ் பக்கங்களில் நிலத்தைத் துண்டு துண்டாக்கி மலிவு விலைக்கு விற்றார்கள். கிழக்கு லண்டன் தொழிலாளர்கள் வாங்கினார்கள். கட்டக் காசு ஏது? ரயில்வேக்காரர்கள் கழித்துப் போட்ட பெட்டிகளை வாங்கி வந்து மனையில் நிறுத்தினார்கள். பழைய பஸ் உடல், ராணுவக் கொட்டகை, சாமான் பெட்டிப் பலகை எல்லாம் வீடானது. சனி ஞாயிறு தோறும் வந்து ஆளுக்கொரு பலகை அடித்தார்கள். ரோடு இல்லை, தண்ணீர் இல்லை, மழை பெய்தால் சேறு. ஆனால் வாடகை கேட்டு யாரும் கதவைத் தட்டவில்லை.

பெரிய மனிதர்களுக்குப் பொறுக்கவில்லை. கட்டடக் கலைஞர் கிளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ் 1928-ல் ஒரு புத்தகமே எழுதினார்: கட்டடங்கள் எட்டுக் கை ஆக்டோபஸாக அழகான இங்கிலாந்தை இறுக்குகின்றன என்று. நியாயமான கவலைதான். ஆனால் அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1925-ல், அவர் வேல்ஸ் கடற்கரையில் ஒரு வேலையைத் தொடங்கியிருந்தார். எங்கெங்கோ இடித்த கட்டடங்களின் தூண், மண்டபம், கூரை எல்லாவற்றையும் வாங்கி வந்து, இத்தாலியக் கிராமம் போல ஓர் ஊரைத் தன் இஷ்டத்துக்கு எழுப்பினார். போர்ட்மெரியன் என்று அதற்குப் பெயர். இன்றும் டிக்கெட் வாங்கித்தான் பார்க்க வேண்டும். கழித்துப்போட்ட ரயில் பெட்டியைத் தொழிலாளி மனையில் வைத்தால் அலங்கோலம், கழித்துப்போட்ட தூணைக் கனவான் நட்டால் கலை. இரண்டு பேரும் செய்தது ஒரே பழைய சாமான் வியாபாரம்.

1947-ல் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் வந்தது. அடுத்த வருஷம் முதல் இங்கிலாந்தில் நிலம் வைத்திருப்பவருக்கும் அதில் கட்டும் உரிமை தானாகக் கிடையாது, கேட்டு வாங்க வேண்டும். 1949-ல் பாசில்டன் என்ற புது நகரத்தை அறிவித்து, அந்தப் பலகை வீடுகளில் பெரும் பகுதியை விழுங்கினார்கள். 1934-ல் கட்டிய ஒரு வீட்டை மட்டும் மியூசியமாக வைத்திருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது தொந்தரவு, செத்தபின் பாரம்பரியம்.

கட்டு கட்டு என்றது கவர்ன்மென்ட்

அதே சமயம் உலகத்தின் மறுகோடியில் ஆஸ்திரேலியா தலைகீழாக நின்றது. இரண்டாம் போர் முடிந்து சிப்பாய்கள் திரும்பினார்கள். கல்யாணம் நடந்தது, குழந்தை பிறந்தது, வீடு இல்லை. செங்கல், மரம், ஆணி எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. வீடு 12 சதுரம் வாக்கில் இருந்தால் போதும் என்று அளவுக்கே கட்டுப்பாடு. கான்ட்ராக்டர் கிடைக்கவில்லை. குமாஸ்தாக்களும் பஸ் கண்டக்டர்களும் ஆபீஸ் முடிந்து வந்து கடைக்கால் தோண்டினார்கள். மனையின் பின்னால் முதலில் ஒரு கார் ஷெட் எழும்பும். குடும்பம் அதில் குடியிருக்கும். முன்னால் வீடு வருஷக்கணக்கில் வளரும். ஆஸ்பெஸ்டாஸ் கலந்த ஃபைப்ரோ தகடு சுவராக நிற்கும். அதன் விஷம் அப்போது கட்டியவர்களுக்கு உறைக்கவில்லை. 1950-களின் தொடக்கத்தில் அந்த நாட்டில் எழும்பிய வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இப்படிச் சொந்தக்காரர்களே கட்டியவை.

தகுதி என்ன, பயிற்சி என்ன என்று பெரிதாக யாரும் கேட்கவில்லை. லண்டன் சாம்பலில் நடந்த அதே கதை. அரசாங்கத்தால் கட்டித்தர முடியாதபோது கூரைப் பயம் லீவு போட்டுவிடும். தட்டுப்பாடு தீர்ந்து, கட்டுமானம் பெரிய தொழிலானதும் லீவு முடிந்து திரும்பி வந்தது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1971-ல் கட்டுநர் உரிமச் சட்டம், 1989-ல் வீட்டுக் கட்டுமானச் சட்டம்.

நடுவில் ஹிப்பிகள் வந்தார்கள். 1973 மே மாதம் அதே மாநிலத்தின் நிம்பின் என்ற சோர்ந்துபோன பால்பண்ணை ஊரில் மாணவர் சங்கம் ஒரு பத்து நாள் விழா நடத்தியது. விழா முடிந்தது, விருந்தாளிகள் போகவில்லை. கூட்டாக நிலம் வாங்கி, மண்ணிலும் மரத்திலும் குவிமாடமும் குடிலுமாகக் கட்ட ஆரம்பித்தார்கள். ஒரு நிலத்துக்கு ஒரு வீடு என்பது விதி. இவர்களோ ஒரே நிலத்தில் ஒரு கிராமம். உள்ளாட்சிக் கவுன்சில் இடிப்பு உத்தரவுகளை அனுப்பியது. ஜடை முடியும் வெறுங்காலுமாகத் திரிந்தவர்கள் யாரும் எதிர்பாராத ஆயுதத்தை எடுத்தார்கள்: விதிப்புத்தகம். சங்கம் வைத்தார்கள், வரைபடம் போட்டார்கள், அமைச்சர்களுக்கு எழுதினார்கள், கூட்டங்களில் மணிக்கணக்கில் உட்கார்ந்தார்கள். கடைசியில் 1988-ல், ஒரே கிராமப்புற நிலத்தில் பல வீடுகளை அனுமதிக்கும் கொள்கையை மாநில அரசே வெளியிட்டது. கஞ்சா வாசத்துக்குப் பேர்போன ஊர் காகித வேலையில் ஜெயித்தது.

லண்டனில் லூயிஷாம் பகுதியிலும் இப்படி ஒரு வெற்றி உண்டு. அதன் விதை விழுந்தது நகரின் வேறொரு பகுதியில். வால்டர் சீகல் என்ற கட்டடக் கலைஞர் 1960-களில் தன் பழைய வீட்டைத் திருத்திக் கட்டும்வரை குடும்பம் தங்குவதற்காகத் தோட்டத்தில் ஒரு தற்காலிக வீடு போட்டார். கடையில் கிடைக்கும் பலகையை வெட்டாமல் அப்படியே பொருத்தும் முறை. இரண்டு வாரம், சுமார் 800 பவுண்டு. அந்தத் தற்காலிகம் பல பத்தாண்டு நின்றது. கொத்தனார் வேலை தெரியாதவரும் கட்டலாம் என்பதால், வீட்டுக்காகக் காத்திருந்தோர் பட்டியலில் இருந்தவர்களையே கட்டச் சொல்லலாம் என்ற யோசனை வந்தது. லூயிஷாம் கவுன்சில் தனக்கு உதவாத சரிவு மனைகளைக் கொடுக்க 1976-ல் ஓட்டுப் போட்டது. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. அங்கே இன்று ஒரு தெருவுக்குப் பெயர் வால்டர்ஸ் வே.

வைக்கோலுக்குப் பின்னால் கோட்டை

இப்போது கொட்டகைக்கு வருவோம். இங்கிலாந்துத் திட்டமிடல் சட்டத்தில் ஒரு விநோத விதி இருந்தது: அனுமதியில்லாமல் கட்டி முடித்த வீட்டை நாலு வருஷம் யாரும் தட்டிக் கேட்காவிட்டால் அப்புறம் தொட முடியாது. கோடாலி இல்லாத டீ உன்னோஸ். ஒரு ராத்திரிக்குப் பதில் நாலு வருஷம்.

சர்ரேயில் ஒரு விவசாயி இந்த விதியை மனப்பாடம் செய்துவிட்டார். 2000-ல் ஆரம்பித்து, கோபுரம், பீரங்கி எல்லாம் வைத்து டியூடர் பாணியில் ஒரு கோட்டையே கட்டினார். வெளியே தெரியாமலிருக்கச் சுற்றிலும் 40 அடி உயரத்துக்கு வைக்கோல் கட்டுகளை அடுக்கித் தார்ப்பாயால் மூடினார். குடும்பம் உள்ளே குடியிருந்தது. ஜன்னலைத் திறந்தால் வைக்கோல். பிள்ளைகள் தங்கள் வீட்டை வரைய வேண்டிய நாளன்று மகனை மழலைப் பள்ளிக்கே அனுப்பவில்லை என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. பையன் எதை வரைந்திருந்தாலும் அப்பா மாட்டியிருப்பார்.

2006-ல் நாலு வருஷம் முடிந்ததென்று வைக்கோலை எடுத்துவிட்டு, இதோ என் வீடு என்றார். கவுன்சில் இடி என்றது. 2008-ல் மேல்முறையீட்டை விசாரித்தவர் சொன்னது சட்ட உலகின் நகைச்சுவைப் பொக்கிஷம்: வைக்கோலை நீக்கியதும் கட்டுமானப் பணியில் சேர்த்திதான், ஆகவே வைக்கோல் இருந்தவரை வீடு கட்டி முடியவேயில்லை, நாலு வருஷக் கடிகாரம் ஓடவே தொடங்கவில்லை. 2010-ல் உயர் நீதிமன்றமும் ஆமாம் போட்டது. அவர் விடவில்லை. 2015-ல் சிறைத் தண்டனையே விதித்து, இடித்தால் உள்ளே போக வேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள். 2016-ல் கோட்டை போனது.

ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் இன்னொருவர் கொஞ்சம் நாசூக்காக யோசித்தார். வைக்கோல் கொட்டகை கட்ட அனுமதி கேட்டார், கிடைத்தது. கட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் கொட்டகை, உள்ளே மூன்று படுக்கையறை, உடற்பயிற்சி அறை. நாலு வருஷம் குடியிருந்துவிட்டு 2006-ல் சான்றிதழ் கேட்டார். கேஸ் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011-ல் தீர்ப்பு: ஏமாற்றி ஒளித்ததற்குச் சட்டம் பரிசு கொடுக்காது. அதே வருஷம் பார்லிமென்ட் ஒளித்துக் கட்டுபவர்களுக்கென்றே புது விதி சேர்த்தது. 2024 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் அந்த நாலு வருஷம் பத்து வருஷமாகிவிட்டது. இருவரின் சாமர்த்தியத்துக்கு மற்றவர்கள் கட்டிய அபராதம் ஆறு வருஷம்.

வேல்ஸின் பெம்ப்ரோக்ஷயரில் ஒரு ஜோடி 1997-ல் மரமும் மண்ணும் புல்கூரையுமாக ஒரு வட்ட வீட்டை எழுப்பியது. மலையோடு மலையாக மறைந்திருந்தது. அடுத்த வருஷம் மேலே பறந்த விமானத்திலிருந்து யாரோ சோலார் தகட்டின் மினுமினுப்பைப் பார்த்துவிட்டார்கள். இடிப்பு உத்தரவு வந்தது. இவர்கள் நின்று வாதாடினார்கள்: இந்த வீடு மண்ணுக்கு என்ன கெடுதல் செய்கிறது, சொல். பத்து வருஷம் இழுத்தது. அதற்குள் மாவட்டத்தின் கொள்கையே மாறி, சுற்றுச்சூழலுக்குப் பாதிப்புக் குறைந்த வீடுகளுக்கு இடம் வந்தது. 2008-ல் அனுமதி. ஒளிந்தபோது கிடைக்காதது, பிடிபட்டபின் கிடைத்தது.

மறுப்புக் கடிதத்தை எப்படிப் படிப்பது

ஆஸ்திரேலிய பெர்மிட்டுக்குத் திரும்புவோம். நியூ சவுத் வேல்ஸில் 10,000 டாலருக்கு மேற்பட்ட வேலையைச் சொந்தமாகச் செய்ய ஓனர்-பில்டர் பெர்மிட் வேண்டும். 20,000 டாலரைத் தாண்டினால் அதற்கான பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். நிலம் உங்களுடையதாக இருக்க வேண்டும், அந்த வீட்டில் நீங்கள் குடியிருக்க வேண்டும். ஒரு பெர்மிட் வாங்கினால் அடுத்தது ஐந்து வருஷத்துக்கு அப்புறம். குவீன்ஸ்லாந்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் ஆறு வருஷம்.

இந்த வருஷக் கணக்கு பலருக்கு எரிச்சல். ஆனால் ஹமுராபி விட்ட ஓட்டையை அடைக்கத்தான் அது இருக்கிறது. தனக்கென்று கட்டினால் கூரை தன் தலையில் விழும், ஆகவே ஒழுங்காகக் கட்டுவார். கட்டி விற்று, கட்டி விற்றுப் போனால் விழுவது அடுத்தவர் தலையில், பிடிக்க மேஸ்திரியும் இல்லை. இது அசல் கூரைப் பயம். இதோடு சண்டைக்குப் போகாதீர்கள், தோற்பீர்கள். பயிற்சி இல்லை என்றால் பயிற்சியை முடியுங்கள். பத்திரம் குறை என்றால் பத்திரத்தைக் கொடுங்கள். ஐந்து வருஷம் ஆகவில்லை என்றால், ஏன் உங்கள் நிலைமை விசேஷமானது என்று ஆதாரத்தோடு சொல்லுங்கள். விதிவிலக்குக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அதிகாரி அப்போதும் மசியவில்லையா? துறைக்குள்ளேயே மறுபரிசீலனை கேட்கலாம். அப்புறம் மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது. அது அதிகாரி செய்தது சரியா என்று தலையை ஆட்டிவிட்டுப் போகாது. அவர் நாற்காலியில் தானே உட்கார்ந்து, எது சரியான முடிவு என்று புதிதாகப் பார்க்கும். புது ஆதாரத்தையும் காட்டலாம்.

காரணம் என்று எழுதியிருப்பதைக் கூரையோடு பொருத்திப் பார்த்தும் பொருந்தவில்லை என்றால், அது ஆள் பயம். அங்கே நன்றாகச் சண்டை போடுங்கள், எழுத்தில். 17-ஆம் நூற்றாண்டுக் கூலிக்காரன் வாங்கிய மாதிரி அக்கம்பக்கத்தார் கையெழுத்தை வாங்குங்கள். பிராக்கன்பரியை மறக்க வேண்டாம்.

சுமார் நானூற்றைம்பது வருஷக் கதையில் காசுள்ளவன் விலை கொடுத்து ஜெயித்தான், அரசாங்கத்துக்கு அவசரம் வந்தபோது எல்லோரும் ஜெயித்தார்கள். இரண்டும் நம் கையில் இல்லை. மிச்சமிருப்பவர்களில், விதியைப் படித்து வாசல் வழியாகப் போனவர்கள்தான் அதிகம் ஜெயித்திருக்கிறார்கள். வைக்கோலுக்குப் பின்னால் போனவர்கள் கோட்டையையும் இழந்து கோர்ட் செலவையும் கட்டினார்கள். ஆகவே மறுப்புக் கடிதம் வந்தால் கிழித்துப் போடாதீர்கள். முதலில் மனுப் போடக் கடைசித் தேதி என்ன என்று பாருங்கள். அது தாண்டிவிட்டால் இதுவரை சொன்ன எதுவும் உதவாது.